25 கிராம் அயோடோஃபார்ம்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்திற்கு இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் 25 கிராம் அயோடோஃபார்ம் (அயோடின் மிகுந்த, மஞ்சள் நிறக் கரிமச் சேர்மம்) குப்பி ஒன்று வாங்கினோம். ஆறு மாதம் அதைப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். மிக்சியைப் பற்றியும் கைப்பேசியைப் பற்றியும் மதிப்புரைகள் குவிந்து கிடக்கும் இணையத்தில், ஒரு வேதிப்பொருள் குப்பியைப் பற்றித் தமிழில் நான்கு வரி தேடினால் அகப்படுவதில்லை. விலைப்பட்டியலையும் முகவரின் வாய்ச்சொல்லையும் நம்பித்தான் பெரும்பாலான கல்லூரிகள் வாங்குகின்றன. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருந்த பொடி நல்ல பொடி. அதை அடைத்து அனுப்பிய குப்பியும் மூடியும் மோசம். தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை, ஏனெனில் ஒரே ஒரு குப்பியை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது முறையாகாது.

அயோடோஃபார்மை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, சோதனைக் குழாயில் ஐந்து நிமிடத்தில் விழுந்துவிடுமே என்று கேட்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அயோடோஃபார்ம் சோதனை (பொருளோடு அயோடினும் காரமும் சேர்த்து, மஞ்சள் அயோடோஃபார்ம் வீழ்படிவு விழுகிறதா என்று பார்ப்பது) நடத்தியபோது, மெத்தனால் எடுத்திருந்த ஒரு மாணவி தன் குழாயில் மஞ்சள் வீழ்படிவு வந்திருப்பதாகக் காட்டினார். எத்தனால் இச்சோதனைக்கு விடை தரும், மெத்தனால் தராது என்பது பாடத்தின் அடிப்படை. குழாயில் மஞ்சள் இருந்தது உண்மை. "புத்தகம் தப்பா, நான் தப்பா, சார்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு விசாரித்ததில், ஈரக் குழாய் விரைவில் உலரட்டும் என்று யாரோ அதை அசிட்டோனால் அலசி வைத்திருந்தது தெரிந்தது. அசிட்டோன் ஒரு துளி இருந்தாலே போதும், இச்சோதனை மஞ்சளைக் காட்டிவிடும். புத்தகமும் தப்பில்லை, அந்த மாணவியும் தப்பில்லை.

அன்றுதான், இதுதான் அயோடோஃபார்ம் என்று உறுதியாகக் காட்ட ஒரு மாதிரி ஆய்வகத்தில் நிலையாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. மாணவர் கொண்டுவரும் மஞ்சள் பொடி அயோடோஃபார்மா, அடியில் தங்கிய அயோடினா, வேறு ஏதேனுமா என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான சாட்சி ஒன்று தேவை. அதற்காகத்தான் இந்தக் குப்பி.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் எழுந்தது ஏமாற்றம். குப்பியில் கால் பங்குகூடப் பொடி இல்லை. ஆய்வக உதவியாளர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாதிக்குப் பாதி ஏமாத்திட்டானுங்க சார்" என்றார். ஏமாற்றவில்லை. அயோடோஃபார்மின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம். தண்ணீரைப் போல நான்கு மடங்கு கனமான இந்தப் பொருளில் 25 கிராம் என்பது இடைவெளியில்லாமல் இறுக்கினால் 6 மில்லிலிட்டரைச் சற்றே தாண்டும். பொடியாகக் கிடக்கும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடம் பிடிக்கும், அவ்வளவுதான். மின்தராசில் குப்பியோடு எடையிட்டு, பொடியை வேறு கலத்துக்கு மாற்றிய பின் வெறும் குப்பியை எடையிட்டுப் பார்த்தபோது 25.1 கிராம் இருந்தது. எடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கனத்துக்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு கார்பன் அணு, ஒரு ஹைட்ரஜன் அணு, மூன்று அயோடின் அணுக்கள். மொத்த மோலார் நிறை 393.73 கிராம். அதில் 96.7 விழுக்காடு அயோடின்தான். ஹைட்ரஜனின் பங்கு கால் விழுக்காட்டைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் வரும். இந்தக் கால் விழுக்காடு ஒரு காலத்தில் வேதியியலாளர்களின் கண்ணில் படாமலே போயிற்று. பிரான்சின் இராணுவ மருந்தாளுநரான செரூலாஸ் 1822இல் இச்சேர்மத்தை முதன்முதலில் தயாரித்தபோது, கார்பனும் அயோடினும் மட்டுமே சேர்ந்த பொருள் என்றே அது கருதப்பட்டது. அதில் ஹைட்ரஜனும் உண்டு என்று பிரெஞ்சு வேதியியலாளர் டூமா 1834இல் நிலைநாட்டினார். நூறு கிராமில் கால் கிராம் என்பது அன்றைய பகுப்பாய்வுக் கருவிகளுக்கு எளிதில் நழுவக்கூடிய அளவுதான் என்று வகுப்பில் சொன்னால், விழுக்காட்டு இயைபுக் கணக்கைச் சலிப்போடு போடும் மாணவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். இதே குடும்பத்தைச் சேர்ந்த குளோரோஃபார்மும் புரோமோஃபார்மும் நிறமற்ற நீர்மங்கள். இது மட்டும் அறை வெப்பநிலையில் திண்மம், அதுவும் எலுமிச்சை மஞ்சள். கார்பனுக்கும் அயோடினுக்கும் இடையிலுள்ள பிணைப்பு வலுக்குறைந்தது. அதன் ஒளி உறிஞ்சல் புற ஊதாவிலிருந்து நீண்டு கண்ணுக்குத் தெரியும் நீலப் பகுதியின் ஓரத்தையும் தொட்டுவிடுவதால் மஞ்சள் எஞ்சுகிறது. நாங்கள் வாங்கிய பொடி சீரான, பளபளப்புள்ள மஞ்சளாக இருந்தது. பழுப்புப் புள்ளி ஏதும் இல்லை. பழுப்பு தெரிந்தால் அயோடின் பிரிந்திருக்கிறது என்று பொருள். அப்படி வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

மணத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நூல்களில் குங்குமப்பூவின் மணத்தை ஒத்தது என்று எழுதியிருக்கும். குங்குமப்பூ விற்பவர்கள் அதைப் படித்தால் வருத்தப்படுவார்கள். என் தலைமுறையினருக்கு அது அரசு மருத்துவமனையில் கட்டுக் கட்டும் அறையின் மணம். அது நம் கற்பனையன்று. புண்ணில் கிருமி சேராமல் தடுக்கும் பொருளாக அயோடோஃபார்ம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அறுவை மருத்துவத்தில் பெருமளவில் புழங்கியது. முதல் உலகப் போரின்போது, 1916இல், இங்கிலாந்தின் நியூகாசில் நகர அறுவை மருத்துவர் ரூதர்ஃபோர்டு மோரிசன் பிஸ்மத் சப்நைட்ரேட் ஒரு பங்கு, அயோடோஃபார்ம் இரு பங்கு, பாரஃபின் ஒரு பங்கு சேர்த்த பசையைப் போர்க்காயங்களுக்குப் பரிந்துரைத்தார். அதில் நனைத்த நாடாத்துணியைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். குழந்தைகளின் பால் பல்லில் வேர் சிகிச்சை செய்யும்போது நிரப்பும் பசைகள் சிலவற்றில் கால்சியம் ஹைட்ராக்சைடோடு அயோடோஃபார்மும் இருக்கிறது. அயோடின் கனமான அணு என்பதால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் அந்த நிரப்பு வெள்ளையாகத் தெரியும்; பசை எதுவரை இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் பார்த்துக்கொள்ள முடியும். எங்கள் துறையின் இளம் ஆசிரியை குப்பியைத் திறந்ததும், "என் பையனோட பல் டாக்டர் ரூம் மாதிரியே இருக்கு" என்றார்.

இவ்வளவு சொன்னதால் இதை யாரும் வாங்கிப் புண்ணில் தூவ வேண்டாம். பெரிய புண்களில் அளவுக்கு மிஞ்சிப் போட்டு அயோடின் உடலில் ஏறி நஞ்சானதை மருத்துவ உலகம் எப்போதோ பார்த்துவிட்டது. எங்கள் குப்பியின் மேலேயே, மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆய்வகத் தரம் வேறு, மருந்துத் தரம் வேறு.

இனித் தூய்மைக்கு வருகிறேன். குப்பியின் மேல் ஒட்டிய சிட்டையில் (லேபிளில்) தூய்மை 99 விழுக்காட்டுக்குக் குறையாது என்றும், உருகுநிலை 120 முதல் 123 டிகிரி செல்சியஸ் என்றும் அச்சிட்டிருந்தார்கள். இரண்டையும் அப்படியே நம்பாமல் எங்களிடம் உள்ள எளிய கருவிகளால் சோதித்தோம்.

முதல் சோதனைக்குத் தண்ணீரே போதும். ஒரு சிட்டிகை பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி வடிகட்ட வேண்டும். அயோடோஃபார்ம் நீரில் ஏறத்தாழக் கரையாது. ஒரு லிட்டருக்கு 0.1 கிராம்தான். ஆகவே வடிநீர் நிறமில்லாமல் இருக்க வேண்டும், லிட்மஸ் தாளை மாற்றக் கூடாது, வெள்ளி நைட்ரேட் சேர்த்தால் கலங்கக் கூடாது. கலங்கினால் தயாரிப்பின்போது எஞ்சிய அயோடைடு உப்பைச் சரியாகக் கழுவாமல் அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் குப்பியின் வடிநீர் தெளிவாக இருந்தது. வெள்ளி நைட்ரேட் சேர்த்த பின், கருப்புத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய பால் நிறம். இது மன்னிக்கக்கூடிய அளவு. அதே நாளில் மாணவர்கள் தயாரித்து அவசரமாகக் கழுவிய மாதிரியின் வடிநீரோ, வெள்ளி நைட்ரேட் பட்டதும் மோராகத் திரிந்தது.

இரண்டாவது கரைதிறன். அசிட்டோனில் ஒரு லிட்டருக்கு 120 கிராம் வரையும் எத்தனாலில் 78 கிராம் வரையும் கரையக்கூடிய பொருள் இது. ஒரு கிராம் பொடியை 15 மில்லிலிட்டர் அசிட்டோனில் போட்டபோது அடியில் எதுவும் தங்காமல் முழுவதும் கரைந்தது. சுண்ணாம்போ மாவோ கலந்திருந்தால் அடியில் நின்றிருக்கும்.

மூன்றாவது உருகுநிலை. இதில்தான் சிட்டையோடு எனக்குச் சிறு வழக்கு உண்டு. தந்துகிக் குழாயில் அடைத்து மெதுவாகச் சூடேற்றியபோது 118இல் ஈரமாகத் தொடங்கி 120இல் முழுதும் உருகியது. சிட்டை சொல்லும் 123ஐ நாங்கள் பார்க்கவேயில்லை. ஆனால் எங்கள் வெப்பமானி பழையது, திருத்தம் செய்யப்படாதது. நூல்களிலும் சில 119 என்கின்றன, சில 123 வரை போகின்றன. உருகும் எல்லையிலேயே இது சிதையத் தொடங்கிப் பழுப்பாகிவிடும் என்பதால், சூடேற்றும் வேகத்தைப் பொறுத்தும் எண் மாறும். அந்த ஓரிரு டிகிரிக்காகப் பொடியைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு டிகிரிக்குள் உருகி முடிந்தது என்பதே எனக்குப் போதுமான சான்று.

எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது கலப்பு உருகுநிலைச் சோதனை. மாணவர்கள் தயாரித்து மறுபடிகமாக்கிய (கரைத்து மீண்டும் படிகமாக்கித் தூய்மைப்படுத்திய) பொடி தனியே 117 முதல் 119 வரை உருகியது. அதையும் குப்பிப் பொடியையும் சம அளவில் கலந்து அரைத்து உருக்கினோம். வேறு வேறு பொருள்களாக இருந்தால் உருகுநிலை இறங்கி, எல்லையும் அகன்றுவிடும். இங்கே 118 முதல் 119.5 வரை நின்றது. அந்த மெத்தனால் மாணவி, இப்போது மூன்றாம் ஆண்டு, தன் கையாலேயே குழாயைப் பிடித்து அந்த எண்ணைக் குறித்தார். குப்பி வாங்கிய பணம் அன்றே எனக்குத் திரும்பிவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

வாங்குவதா, தயாரிப்பதா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் தயாரிப்பு முறைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நம் பாடநூல்களில் பொதுவாகக் காணப்படுவது, எத்தனாலையோ அசிட்டோனையோ அயோடினோடும் சோடியம் ஹைட்ராக்சைடோடும் வினைபுரியச் செய்யும் முறை. கார்பனைல் தொகுதிக்கு அடுத்திருக்கும் மெத்தில் தொகுதியின் மூன்று ஹைட்ரஜன்களும் ஒன்றன்பின் ஒன்றாக அயோடினுக்கு இடம் கொடுக்கின்றன. மூன்று அயோடின் ஏறிய அந்தக் கார்பனைக் காரம் மூலக்கூறிலிருந்து பிரித்துவிட, அது ஒரு ஹைட்ரஜனைப் பெற்று அயோடோஃபார்மாக விழுகிறது, மீதி கார்பாக்சிலேட் உப்பாக நீரிலேயே நின்றுவிடுகிறது. எத்தனால் முதலில் அசிட்டால்டிஹைடாக ஆக்சிஜனேற்றம் அடைந்த பின்னரே இவ்வழிக்கு வருவதால், அதற்குச் சற்று இளஞ்சூடும் பொறுமையும் வேண்டும்; அசிட்டோன் குளிரிலேயே உடனே விடை தரும். இதைப் பகுப்பாய்வுச் சோதனையாக 1870இல் முன்வைத்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் அடால்ஃப் லீபன்.

சோதனைக்கு இம்முறை போதும். தயாரிப்புக்கு இது ஊதாரித்தனம். அசிட்டோனோடு செல்லும் ஆறு அயோடின் அணுக்களில் மூன்றுதான் அயோடோஃபார்முக்குள் போகின்றன, மூன்று சோடியம் அயோடைடாகச் சாக்கடைக்குப் போகின்றன. எத்தனாலில் கணக்கு இன்னும் மோசம். எட்டில் மூன்றுதான் கைக்கு வரும். அயோடின் விற்கும் விலையில் இப்படி வீணாக்க ஒரு கல்லூரியால் முடியாது.

நாங்கள் பின்பற்றியது ஹைப்போகுளோரைட் (துணி வெளுக்கும் கரைசலில் உள்ள பொருள்) முறை. 6 கிராம் பொட்டாசியம் அயோடைடை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, 2 மில்லிலிட்டர் அசிட்டோன் சேர்த்து, நச்சாவியை வெளியே இழுக்கும் புகை அறைக்குள் கூம்புக் குடுவையைக் குலுக்கிக்கொண்டே 5 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஹைப்போகுளோரைட் அயோடைடை ஹைப்போஅயோடைட்டாக மாற்ற, அது அசிட்டோனைத் தாக்குகிறது. விடுபடும் அயோடைடையும் அடுத்த சொட்டு மீண்டும் வேலைக்கு இழுத்துக்கொள்கிறது. கோட்பாட்டளவில் அயோடின் ஓர் அணுகூட வீணாவதில்லை. முதல் சொட்டு விழுந்ததும் பழுப்புக் கோடு ஒன்று சுழன்று மறையும். நான்காம் ஐந்தாம் சொட்டில் நீர் முழுவதும் பனிபோல் மங்கும். பிறகு திடீரென்று மஞ்சள் துகள்கள் அடியில் சரியத் தொடங்கும். புதிய சொட்டு விழுந்த இடத்தில் மேற்கொண்டு மங்கல் எழவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் ஊற்றினால், எஞ்சியிருக்கும் அசிட்டோனோடு ஹைப்போகுளோரைட்டே நேராக வினைபுரிந்து குளோரோஃபார்மை உண்டாக்கும். அதனால்தான் புகை அறையும், அளவில் கண்டிப்பும்.

6 கிராம் பொட்டாசியம் அயோடைடுக்குக் கணக்குப்படி 4.74 கிராம் அயோடோஃபார்ம் வர வேண்டும். நான்கு குழுக்கள் செய்தன. மிகச் சிறந்த குழுவுக்கு உலர்ந்த நிலையில் 3.9 கிராம் வந்தது. சூடான சாராயத்தில் (எத்தனாலில்) கரைத்து மறுபடிகமாக்கிய பின் 3.1 கிராம் நின்றது. மிகக் குறைந்த குழுவுக்கு 2.2 கிராம்தான். அவர்கள் மேல் தவறில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அலமாரியில் பல மாதம் கிடந்து வலுவிழந்த ஹைப்போகுளோரைட். இந்தக் கரைசல் சும்மா இருக்கும்போதே சிதைந்துகொண்டிருக்கும் என்பதை நான் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மிகச் சிறந்த குழுவின் அளவை வைத்துப் பார்த்தால், 25 கிராம் தூய பொடியை நாமே தயாரிக்க ஏறத்தாழ 50 கிராம் பொட்டாசியம் அயோடைடும், மறுபடிகமாக்கச் சாராயமும், இரண்டு மூன்று பிற்பகல்களும் செலவாகும். வரியோடு சேர்த்துக் குப்பிக்குக் கொடுத்தது ஆயிரம் ரூபாய்க்குச் சற்றே குறைவு. சேமிப்பு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் மாணவர் கையில் வடிதாளின் மேல் மஞ்சள் படிகம் மின்னுவதை எந்தக் குப்பியும் தராது. ஆகவே எங்கள் வழக்கம் இப்படி அமைந்துவிட்டது: பாடத்துக்கு வேண்டியதைத் தயாரிக்கிறோம், ஒப்பிடுவதற்கு மட்டும் குப்பியைத் திறக்கிறோம். ஒரு முறைக்கு 20 மில்லிகிராம்கூடச் செலவாவதில்லை என்பதால் 25 கிராம் பல ஆண்டுகளுக்கு வரும். 100 கிராம் குப்பியில் கிராமுக்கு விலை குறைவு என்று முகவர் வற்புறுத்துவார். ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு அது தேவையேயில்லை.

படிகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலங்கியல் துறையிலிருந்து நுண்ணோக்கி ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கினோம். மணம் பிடிக்காமல் அவர்கள் அதை மறுநாள் வரை திரும்ப ஏற்கவில்லை என்பது வேறு கதை. குப்பிப் பொடியைச் சாராயத்தில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு உலரவிட்டபோது, விளிம்பு கூர்மையான அறுகோணத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன. சோதனைக் குழாயில் வேகமாக விழுந்த வீழ்படிவில் தகடுகளோடு ஆறு கதிர் நட்சத்திரங்களும் கிடந்தன. மெத்தனால் குழாய்ச் சிக்கல் மறுபடியும் வந்தால் உருகுநிலைக்குக்கூடப் போக வேண்டாம், இந்த ஆறு மூலையைப் பார்த்தாலே போதும் என்று மாணவர்கள் தாங்களாகவே முடிவுசெய்துகொண்டார்கள்.

ஒளியைத் தாங்கும் திறன் எவ்வளவு என்றும் பார்த்தோம். சிறிதளவு பொடியை ஈதரில் கரைத்து, ஒரு குழாயை இழுப்பறைக்குள்ளும் இன்னொன்றை வெளிச்சம் படும்படி ஜன்னலோரத்திலும் வைத்தோம். மதியத்துக்குள் ஜன்னலோரக் குழாய் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. இழுப்பறைக் குழாய் மஞ்சளாகவே இருந்தது. இது இந்தக் குப்பியின் குறையன்று, அயோடோஃபார்மின் இயல்பு. ஒளியும் காற்றும் பட்டால் அயோடின் பிரியும், கரைசலில் இன்னும் விரைவாகப் பிரியும். வெள்ளித் தூளோடு சூடாக்கினால் அசிட்டிலீன் வரும் என்ற பாடநூல் வினையை மட்டும் செய்து பார்க்கவில்லை. இன்றைய வெள்ளி விலையில் அதற்குத் துறைத்தலைவர் கையெழுத்திட மாட்டார்.

ஒளியைப் பற்றிச் சொன்னதும் என் முதன்மையான குறைக்கு வந்துவிட்டேன். ஒளி பட்டால் சிதையும் பொருள் என்று சிட்டையிலேயே அச்சிட்டுவிட்டு, அந்தச் சிட்டையை ஒட்டியிருப்பது வெள்ளை நிற, ஒளி ஊடுருவும் நெகிழிக் குப்பியின் மேல். பழுப்புக் கண்ணாடிக் குப்பி என்ன பெரிய செலவு? அதோடு மூடிக்கு உள்ளே முத்திரைத் தகடு இல்லை, அடைப்பானும் இல்லை, வெறும் திருகுமூடி. அயோடோஃபார்ம் அறை வெப்பநிலையிலேயே மெல்ல ஆவியாகும் பொருள். வந்த மூன்றாம் நாள் ஆய்வக உதவியாளர், "பீரோவைத் திறந்தா ஆஸ்பத்திரிக்குள்ள போற மாதிரி இருக்கு சார்" என்றார். ஒரு வாரத்தில் பக்கத்தில் இருந்த குப்பிகளின் தாள் சிட்டைகளிலும் அந்த மணம் ஏறியிருந்தது. அலமாரியில் தொங்கவிட்டிருந்த என் ஆய்வக மேலங்கியை இரண்டு முறை துவைத்தும் வீட்டில் உள்ளே சேர்க்க மறுத்துவிட்டார்கள்.

முகவரிடம் சொன்னேன். அவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு எண்ணைக் கொடுத்தார். அங்கே பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். பொருளில் குறை இருந்தால் மாற்றித் தருவோம், குப்பியில் குறை என்றால் அதற்கு வழியில்லை என்றார். பொருளைக் காக்கத்தானே குப்பி என்று கேட்டதற்கு, குறித்துக்கொள்கிறோம் என்ற பதில் வந்தது. இந்தத் தொகுதிக்கான பகுப்பாய்வுச் சான்றிதழையும் கேட்டேன். பெட்டியோடு வந்திருக்க வேண்டிய அந்தத் தாள், இரண்டு மின்னஞ்சலுக்குப் பிறகு பதினோராம் நாள் வந்தது. அதில் இருந்த எண்கள் எங்கள் சோதனைகளுக்கு முரணாக இல்லை. மாற்றுக் குப்பி இன்றுவரை வரவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். வாங்கும்போது பொடியின் நிறத்தை வெளிச்சத்தில் பாருங்கள்; எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் தராசில் பாருங்கள்; சான்றிதழ் இல்லாமல் பட்டியலில் கையெழுத்திடாதீர்கள். பகுப்பாய்வுத் தரம் என்று கூடுதல் விலைக்கு விற்பதும் உண்டு. ஒப்பீட்டுக்கும் உருகுநிலைக்கும் ஆய்வகத் தரமே போதும், சற்றுக் குறைந்த தரமாகத் தோன்றினால் ஒரு முறை சாராயத்தில் மறுபடிகமாக்கிக்கொள்ளலாம். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். தொட்டுவிட்டால் சோப்பை நம்ப வேண்டாம், மணம் மறுநாள் வரை விரலில் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன் இந்தக் குப்பியைத் திறக்காதிருப்பது நல்லது. நேரடியாகத் தீயில் சூடாக்கவே கூடாது, ஊதா நிற அயோடின் ஆவி எழும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் பொடிக்கு நாலரை, குப்பிக்கு ஒன்று. இப்போது பொடி எங்களிடம் இருந்த பழைய புரோமின் குப்பி ஒன்றில் இருக்கிறது. பழுப்புக் கண்ணாடி, தேய்த்த கண்ணாடி அடைப்பான், அதன் மேல் பாரஃபின் நாடா இரண்டு சுற்று. நிறுவனத்தின் சிட்டையைக் கத்தரித்து மேலே ஒட்டியிருக்கிறோம். அலமாரியில் மணம் நின்றுவிட்டது. மேலங்கியை மட்டும் இன்னும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.